சைலன்சர் வழியே போகும் மின்சாரம்

நம் பள்ளியின் விஞ்ஞானப் பொருட்காட்சியில் ஒருமுறை நடந்த சிறு நிகழ்ச்சியிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். பதினோராம் வகுப்பு மாணவியர் இருவர் ஒரு மாதிரிக் கார் செய்து வைத்திருந்தனர். அட்டையால் ஆன கார். கூரைமேல் ஒரு சிறு காற்றாடி. அதனுடன் இணைந்த சிறு டைனமோ. டைனமோவிலிருந்து ஒரு பல்பு. மேசை விசிறியை எதிரே வைத்து ஓடவிட்டால் காற்றாடி சுற்றும், பல்பு எரியும். “கார் ஓடும்போது எதிர்க்காற்று வீணாகத்தானே போகிறது? அதைப் பிடித்து மின்சாரம் எடுத்து, அந்த மின்சாரத்தைக் கொண்டே காரை ஓட்டலாம். பெட்ரோல் மிச்சம்” என்று இருவரும் மாறிமாறி விளக்கினார்கள். வந்தவர்கள் எல்லாரும் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

மாலையில் ஒரு மாணவியின் தந்தை வந்தார். பஸ் ஓட்டுநர். விளக்கத்தை முழுவதும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “பாப்பா, எங்க பஸ்ஸிலே மேலே ரெண்டு மூட்டை ஏத்தினாலே டீசல் கூடப் பிடிக்குது. காத்து முட்டுதில்லே? அங்கே நீ காத்தாடியை நட்டு வெச்சா, அதைத் தள்ளிக்கிட்டுப் போறது யாரு?” என்றார்.

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வாரமாக அந்த மாதிரியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

கண்காட்சி முடிந்து மேசைகளை ஒழுங்கு செய்யும்போது அவர்களில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்படியானால் காரில் வீணாகிற சக்தி என்று எதுவுமே இல்லையா, டீச்சர்?” என்று கேட்டாள். “நிறைய இருக்கிறது. நாம் கைவைத்த இடம்தான் தப்பு” என்றேன். அன்று தொடங்கிய பேச்சுதான் வளர்ந்து இக்கட்டுரையாகி இருக்கிறது.

ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்த நிகழ்ச்சியை நாம் எல்லாரும் அறிவோம். மக்கள் உண்டு நிறைவடைந்த பிறகுதான் மிச்சத்தைச் சேர்க்கும்படி ஆண்டவர் சீடர்களிடம் கூறினார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே யாரோ ஒருவர் இலையிலிருந்து எடுத்துக் கூடையில் போட்டிருந்தால், அது மிச்சம் சேர்ப்பதாகுமா? கூரைமேல் வைத்த காற்றாடி செய்வது இதைத்தான். நிற்கிற காற்றில் கார்தான் ஓடுகிறது. காற்றாடியைச் சுழற்றும் சக்தி முழுவதும் எஞ்சினிலிருந்தே வர வேண்டும். காற்றாடியிலும் டைனமோவிலும் கொஞ்சம் நஷ்டமாகி, கொடுத்ததைவிடக் குறைவாகவே திரும்பி வரும். ஆக, காரில் மின்சாரம் எடுக்க நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியது அந்த ஓட்டுநர் கேட்டதையே: இது மெய்யாகவே மிச்சமா, அல்லது பெட்ரோலிடமிருந்து பறித்ததா?

பெட்ரோலின் வரவுசெலவைப் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் கிடைக்கும் வெப்பத்தை மின்சார யூனிட்டில் சொன்னால் ஏறக்குறைய 9 யூனிட். அதை அப்படியே மின்சாரமாக்க முடிந்தால் 75 வாட் மின்விசிறி ஒன்றை ஐந்து பகலும் ஐந்து இரவும் நிறுத்தாமல் ஓட்டலாம். ஆனால் சாதாரணக் கார் எஞ்சினில் இந்த 9 யூனிட்டில் சுமார் 2 யூனிட்டோ அதற்குச் சற்று மேலோதான் சுழலும் தண்டுக்கு வந்து சேர்கிறது. ஏறத்தாழ 3 யூனிட் சூடான புகையாகச் சைலன்சர் வழியே போய்விடுகிறது. ஏறத்தாழ அதே அளவு ரேடியேட்டர் தண்ணீரில் ஏறிக் காற்றில் கலக்கிறது. மீதி உராய்விலும், எஞ்சினின் மேற்பரப்பிலிருந்து வீசும் சூட்டிலும் கழிகிறது. பங்க்கில் நாம் நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால் எழுபது ரூபாய்க்கு மேல் தெருவைச் சூடாக்கப் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். நம் நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம் என்பதையும் நினைத்தால், இது வேடிக்கையான கணக்கு அல்ல.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். காரின் முன்விளக்கு, ஹாரன், வைப்பர், ஏ.சி.யின் விசிறி ஆகியவற்றுக்கு வேண்டிய மின்சாரம் பேட்டரியிலிருந்து இலவசமாக வருகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். எஞ்சின் ஒரு பெல்ட்டினால் ஆல்டர்னேட்டரைச் சுற்றுகிறது. ஆல்டர்னேட்டர் பேட்டரியை நிரப்புகிறது. விளக்கைப் போட்டால் ஆல்டர்னேட்டர் சற்றுக் கனமாகச் சுற்றுகிறது. எஞ்சின் அந்த அளவுக்குக் கூடுதலாகப் பெட்ரோல் குடிக்கிறது. எனவே, புகையின் சூட்டிலிருந்து சில நூறு வாட் கிடைத்து, ஆல்டர்னேட்டரின் வேலையில் பாதி குறைந்தாலும் லாபந்தான்.

மாணவியர் கேட்ட அடுத்த கேள்வி நல்ல கேள்வி. புகையிலும் 3 யூனிட், ரேடியேட்டரிலும் ஏறக்குறைய 3 யூனிட் என்றால், கைக்கு எட்டும் இடத்தில் தண்ணீராக ஓடுகிற ரேடியேட்டர் சூட்டை விட்டுவிட்டு விஞ்ஞானிகள் ஏன் புகையையே துரத்துகிறார்கள்?

வெப்பத்துக்கு அளவு மட்டுமல்ல, உயரமும் உண்டு என்பதே காரணம். மலைமேல் அணையில் நிற்கும் நீர் கீழே விழும்போது டர்பைனைச் சுழற்றுகிறது. அதே நீர் சமவெளிக்கு வந்து வயல் வாய்க்காலில் ஓடும்போது, ஒரு சொட்டும் குறையாவிட்டாலும், அதனால் எதையும் சுழற்ற முடியாது. வெப்பத்துக்கு இந்த உயரம் என்பது வெப்பநிலைதான். இதை முதன்முதலில் தெளிவாகக் கண்டவர் சாதி கார்னோ என்னும் பிரெஞ்சு இளைஞர். 1824-ஆம் ஆண்டில், தம் 28-ஆம் வயதில், நீராவி எஞ்சின்களை ஆராய்ந்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். எட்டே ஆண்டுகளில் காலரா நோயால் இறந்துபோனார். அந்நூலை அவர் உயிரோடிருந்தபோது அநேகமாக யாரும் கவனிக்கவில்லை. இன்று உலகத்திலுள்ள எல்லா எஞ்சின்களும் அவர் கண்ட விதிக்கு உட்பட்டவை.

விதியைக் கணக்காகப் போட்டுப் பார்ப்பது எளிது. சூடான பக்கத்தின் வெப்பநிலையையும் குளிர்ந்த பக்கத்தின் வெப்பநிலையையும் கெல்வினில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சூடான பக்கத்து எண்ணால் வகுத்தால், அந்த வெப்பத்தில் அதிகப்பட்சம் எத்தனை பங்கை வேலையாக மாற்றலாம் என்பது கிடைத்துவிடும். ரேடியேட்டர் நீர் 90 டிகிரி செல்சியஸ், அதாவது 363 கெல்வின். வெளிக்காற்று 30 டிகிரி, அதாவது 303 கெல்வின். வித்தியாசம் 60. அறுபதை 363-ஆல் வகுத்தால் நூற்றுக்குப் பதினாறரை. இதுவும் குறையே இல்லாத கற்பனை எஞ்சினுக்கு; மெய்யான எஞ்சினில் இதில் பாதி வந்தாலே பெரிது. புகையோ 600 டிகிரி, அதாவது 873 கெல்வின். கணக்குப் போட்டால் நூற்றுக்கு 65. நாம் வெப்பத்தை எடுக்க எடுக்கப் புகை ஆறிக்கொண்டே போவதால் உண்மையில் இவ்வளவு கிடைக்காதுதான். ஆனாலும் ரேடியேட்டர் எங்கே, புகை எங்கே! ஒன்று வாய்க்கால் நீர். மற்றது மலை நீர்.

புகையிலிருந்து மின்சாரம் எடுக்க மூன்று வழிகளில் முயன்றிருக்கிறார்கள். அவற்றுள் நம் சோதனைச்சாலையிலேயே செய்து பார்க்கக்கூடியதை முதலில் சொல்கிறேன்.

1821-இல் பெர்லின் நகரில் தாமஸ் சீபெக் என்பவர் இரு வேறு உலோகங்களை வளையமாக இணைத்து, ஓர் இணைப்பைச் சூடாக்கினார். அருகில் வைத்திருந்த திசைகாட்டியின் முள் அசைந்தது. வெப்பம் உலோகத்தைக் காந்தமாக்குகிறது என்று அவர் எண்ணிக்கொண்டார். வளையத்தில் மின்சாரம் ஓடுகிறது, அதுதான் முள்ளை அசைக்கிறது என்று எடுத்துக்காட்டியவர் டென்மார்க் விஞ்ஞானி ஓர்ஸ்டெட். கண்டுபிடித்தவர் ஒருவர், பொருள் சொன்னவர் மற்றொருவர். பெயர் மட்டும் சீபெக் விளைவு என்றே நிலைத்துவிட்டது.

அழுத மாணவியும் அவள் தோழியும் மறு வாரமே இதைச் செய்தார்கள். ஒரு செம்புக் கம்பி, ஓர் இரும்புக் கம்பி. இரண்டின் முனைகளையும் உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து முறுக்கி ஓர் இணைப்பு. மறு முனைகளைக் கால்வனாமீட்டரில் சேர்த்தாயிற்று. இணைப்பின் அடியில் மெழுகுவத்தியைக் காட்டியதும் முள் நகர்ந்தது. இருவரும் கைதட்டினார்கள். “இன்னும் சூடாக்கினால் இன்னும் வரும்” என்று மெழுகுவத்தியை எடுத்துவிட்டுப் புன்சன் அடுப்பின் நீலச் சுடரில் பிடித்தார்கள். முள் சிறிது ஏறியது; நின்றது; பிறகு மெதுவாகத் திரும்பி வரத் தொடங்கியது! கம்பி அறுந்துவிட்டதோ என்று பயந்து அடுப்பை அணைத்தார்கள். கம்பி அறவில்லை. செம்பும் இரும்பும் சேர்ந்த ஜோடியின் இயல்பே அது. சுமார் 270, 280 டிகிரி வரை மின்னழுத்தம் கூடும். அதற்கு மேல் குறையும். மேலும் சூடாக்கினால் எதிர்த் திசையில் ஓடும். பாடப் புத்தகத்தில் அந்த வளைகோட்டை ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைகிறேன். முள் திரும்பி வருவதை அவர்கள் பார்த்த முகத்தோடு நான் எந்த வகுப்பையும் பார்த்ததில்லை.

ஆகவே காரின் புகைக்குழாய்க்குச் செம்பும் இரும்பும் உதவா. மேலும் அந்த ஜோடி தருவது மிகச் சொற்பம். 200 டிகிரி வித்தியாசத்துக்கு ஆயிரத்தில் ஒன்றரை வோல்ட் அளவு. பிஸ்மத், டெலுரியம் என்னும் தனிமங்கள் சேர்ந்த பிஸ்மத் டெலுரைடு இதைவிட எத்தனையோ மடங்கு மேல். நான்கு சென்டிமீட்டர் சதுரமுள்ள பில்லையாக, உள்ளே 127 ஜோடிகளை வரிசையாக அடுக்கி இதைக் கடைகளில் விற்கிறார்கள். ஆனால் 250 டிகிரிக்கு மேல் தாங்காது. அதற்கும் மேற்பட்ட சூட்டுக்கு ஈயமும் டெலுரியமும் சேர்ந்த பொருள் போன்றவை வேண்டும்.

இந்த வழியின் பெரிய அழகு, அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லாமை. பிஸ்டன் இல்லை, சக்கரம் இல்லை, எண்ணெய் விட வேண்டியதில்லை. 1950-களில் சோவியத் நாட்டில் மின்சாரம் எட்டாத கிராமங்களுக்காக ஒரு மண்ணெண்ணெய் விளக்கு செய்தார்கள். அதன் சிம்னியைச் சுற்றி இத்தகைய ஜோடிகளை அடுக்கியிருந்தார்கள். விளக்கு வெளிச்சமும் தந்தது, பக்கத்திலிருந்த ரேடியோவையும் பாடவைத்தது. 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் விண்கலங்கள் இரண்டும் இதே விளைவினால்தான் மின்சாரம் பெறுகின்றன. புளூட்டோனியம் தரும் சுமார் 7,000 வாட் வெப்பத்திலிருந்து, புறப்பட்டபோது சுமார் 470 வாட் மின்சாரம் கிடைத்தது. பழுது பார்க்க ஆள் போக முடியாத இடத்தில் இதைவிட நம்பத்தக்க யந்திரம் கிடையாது.

ஆனால் அந்த இரு எண்களையும் மறுபடி பாருங்கள். ஏழாயிரத்தில் நானூற்று எழுபது. நூற்றுக்கு ஏழுகூட இல்லை. காரிலும் இதே கதைதான். நெடுஞ்சாலையில் மணிக்கு 5 லிட்டர் பெட்ரோல் குடிக்கும் காரை எடுத்துக்கொள்வோம். புகையில் போவது சுமார் 15 கிலோவாட். அதில் பாதியை எப்படியோ பில்லைகளுக்குள் செலுத்திவிட்டோம் என்றால் ஏழரைக் கிலோவாட். அதில் நூற்றுக்கு ஐந்து, 375 வாட். அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் பெரிய கார்களில் பொருத்திப் பார்த்தபோதும் சில நூறு வாட் என்ற அளவில்தான் கிடைத்தது. ஆல்டர்னேட்டருக்கு இது நல்ல உதவி. ஆனால் நகரத்து நெரிசலில், சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும்போது, புகையும் குறைவு, சூடும் குறைவு. அப்போது நூறு வாட் வருவதும் அரிது.

அதோடு கூடையின் எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பில்லையின் ஒரு பக்கம் சூடாக இருந்தால் மட்டும் போதாது. மறு பக்கம் குளிர்ந்திருக்க வேண்டும். அதற்குத் தனிக் குழாய், தண்ணீர், அந்தச் சூட்டையும் சுமக்கப் பெரிய ரேடியேட்டர். புகை போகும் வழியில் தகடுகளை நிறுத்தினால் அது புகையைத் தடுக்கும். எஞ்சின் தன் புகையைத் தானே முக்கித் தள்ள வேண்டியிருக்கும். ஓட்டுநரின் கேள்வி இங்கேயும் வந்து நிற்கிறது. தவிர, ஒவ்வொரு தடவை வண்டி கிளம்பும்போதும் நிற்கும்போதும் பில்லைகள் சூடாகி விரிந்து, ஆறிச் சுருங்கும். ஆயிரக்கணக்கான முறை இப்படி நடந்தால் ஒட்டுகள் விடும். டெலுரியமோ பூமியில் மிக அரிதான தனிமம். இத்தனைக்கும் பிறகு மிச்சமாகும் பெட்ரோலின் விலையையும் சாதனத்தின் விலையையும் வைத்துப் பார்த்துத்தான் கம்பெனிகள் தயங்கி நின்றன.

இரண்டாவது வழி, புகையால் நீரைக் கொதிக்கவைத்து நீராவி எடுப்பது. பி.எம்.டபிள்யூ நிறுவனம் 2005 டிசம்பரில் இப்படி ஒன்றை அறிவித்தது. 1.8 லிட்டர் எஞ்சினில் நீராவியின் உதவியால் மேலும் 10 கிலோவாட் திறன் கிடைத்தது, எரிபொருள் நூற்றுக்கு 15 வரை மிச்சமாகும் என்றார்கள். காருக்குள் ஒரு சின்ன ரயில் எஞ்சின்! கேட்க இனிமையாக இருந்தது. ஆனால் கொதிகலன், பம்பு, குழாய்கள், நீராவியை மறுபடி நீராக்கும் பகுதி எல்லாவற்றையும் பானட்டுக்குள் அடைக்க வேண்டும். அது விற்பனைக்கு வரவே இல்லை. கப்பல்களின் நிலைமை வேறு. அங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை. எஞ்சின் நாள்கணக்காக ஒரே வேகத்தில் ஓடுகிறது. குளிர்விக்கக் கடலே இருக்கிறது. அதனால் பெரிய கப்பல்களில் எஞ்சின் புகையால் நீராவி எடுத்து, டர்பைனைச் சுழற்றி மின்சாரம் தயாரிப்பது நெடுநாளைய வழக்கம்.

மூன்றாவது வழி, புகையின் சூட்டோடு அழுத்தத்தையும் பிடிப்பது. எரிந்த வாயுவை வெளியேற்றும் வால்வு திறக்கும்போதும் சிலிண்டருக்குள் அழுத்தம் வெளிக்காற்றைப்போலப் பல மடங்கு இருக்கிறது. சைலன்சர் கழன்ற வண்டி தெருவையே எழுப்புகிறதே, அந்த ஓசைதான் இதற்குச் சாட்சி. இந்தப் பாய்ச்சலின் வழியில் ஒரு சிறு டர்பைன் சக்கரத்தை வைத்தால் அது சுழலும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய சக்கரம் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அடைத்துக் கொடுத்தது. இன்று லாரி, கார் என்று எங்கும் ‘டர்போ’ என்று எழுதியிருப்பது அதுவே.

அந்தச் சக்கரத்தின் சக்தியை நேரே எஞ்சினின் தண்டுக்கே திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. 1950-களில் பறந்த சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானங்களின் எஞ்சின் ஒவ்வொன்றிலும் இவ்வகைச் சக்கரங்கள் மூன்று இருந்தன. மூன்றும் சேர்ந்து 450 முதல் 550 குதிரைத்திறன் வரை மீட்டுத் தந்தன. நம் ஏர் இந்தியாவும் 1954 முதல் இந்த விமானங்களை ஓட்டியது. பழுது பார்ப்பவர்களுக்குத்தான் தீராத வேலை. அதற்குச் சக்தியை மீட்கும் டர்பைன் என்று பெயர். அவர்களோ உதிரிபாகங்களை மீட்கும் டர்பைன் என்று கேலி செய்தார்களாம்.

இந்தச் சக்கரத்தோடு மின்சார ஜெனரேட்டரைச் சேர்த்தால் நாம் தேடிவந்த பொருள் கிடைத்துவிடுகிறது. அது முழு வெற்றி பெற்ற இடம் கார்ப் பந்தயம். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் 2014-இல் புதிய விதி வந்தது. எஞ்சின் 1.6 லிட்டர்தான் இருக்கலாம். மணிக்கு 100 கிலோவுக்கு மேல் பெட்ரோல் பாயக்கூடாது. ஆனால் புகையிலிருந்தும் பிரேக்கிலிருந்தும் மின்சாரம் எடுத்துக்கொள்ளலாம். பெட்ரோலை எண்ணிக் கொடுத்ததும் பொறியாளர்களுக்கு மிச்சத்தின் அருமை தெரிந்துவிட்டது! டர்போவின் தண்டிலேயே ஜெனரேட்டரைப் பொருத்தினார்கள். அத்தண்டு நிமிடத்துக்கு 1,25,000 சுற்று வரை சுழலலாம்; நம் வீட்டு மின்விசிறி முந்நூற்றைம்பது சுற்றுத்தான் சுழல்கிறது என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே ஜெனரேட்டர், வேண்டும்போது மோட்டாராக மாறி டர்போவை முடுக்கியும் விட்டது. 2017-இல் மெர்சிடிஸ் நிறுவனம் தன் பந்தய எஞ்சின், சோதனை மேடையில், பெட்ரோலின் சக்தியில் பாதிக்கு மேல் வேலையாக மாற்றிவிட்டது என்று அறிவித்தது. நம் தெருவில் ஓடும் காரின் கால் பங்கை நினைத்தால் இது எவ்வளவு பெரிய செய்தி!

ஆனால் அந்த உறுப்பு மிகச் சிக்கலானது, மிக விலை உயர்ந்தது. புதிய நிறுவனங்கள் பந்தயத்துக்கு வரவே அஞ்சின. அதனால் 2026-ஆம் ஆண்டு விதிகளில் அதை நீக்கிவிட்டார்கள். விந்தை என்னவென்றால், பந்தயம் கைவிட்டதைத் தெரு எடுத்துக்கொண்டது. 2015, 2016, 2017 ஆகிய மூன்று ஆண்டுகளும் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் வென்ற போர்ஷே கார், புகை டர்பைனிலிருந்து மின்சாரம் எடுத்தது. அதே நிறுவனம் 2024-இல் வெளியிட்ட 911 வகைக் கார் ஒன்றில் டர்போவின் தண்டில் சிறு மின்யந்திரம் இருக்கிறது. புகையிலிருந்து 11 கிலோவாட் வரை மின்சாரம் எடுக்கிறது. பில்லைகளின் 375 வாட்டோடு இதை ஒப்பிடுங்கள். ஆயினும் அது எஞ்சின் முழு மூச்சாக ஓடும்போது கிடைப்பது. காரின் விலையும் நம்மில் யாரும் விசாரிக்க வேண்டிய அளவில் இல்லை.

பிரேக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1,000 கிலோ எடையுள்ள கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதில் இருக்கும் சக்தி சுமார் 1,39,000 ஜூல். அப்படி 26 முறை நிறுத்தினால் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி பிரேக்கில் சூடாகிப் போய்விடும். 1997-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரயஸ் முதல், மோட்டாரும் பெரிய பேட்டரியும் உள்ள கார்கள் நிற்கும்போது மோட்டாரையே ஜெனரேட்டராக்கி இதில் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்புகின்றன. இது சூடு அல்ல, ஓட்டம். கார்னோவின் வரம்பு இதற்கு இல்லை. ஆகவே எளிதாக வெற்றி பெற்றது. நிறுத்தவேண்டிய நேரத்தில் மட்டும் எடுப்பதால் ஓட்டுநரின் கேள்விக்கும் இது சரியான விடை. வண்டியைத் தள்ளவேண்டிய நேரத்தில் எடுத்தால் மறுபடியும் கூரைமேல் காற்றாடிதான்.

“மின்சாரக் கார் வந்துவிட்டதே, இனிப் புகை எங்கே, மிச்சம் எங்கே?” என்று பெற்றோர் சிலர் கேட்கலாம். காரில் இல்லைதான். ஆனால் அந்தக் காருக்கு மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருமானால், நெய்வேலி போன்ற இடங்களில் வானளாவி நிற்கும் குளிர்விப்புக் கோபுரங்களை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் எரித்த வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு காற்றோடும் நீரோடும் போகிறது. அதுவும் பெரும்பாலும் வெதுவெதுப்பான, உயரம் குறைந்த வெப்பம். இடம் மாறியிருக்கிறதே தவிர, கார்னோ அங்கேயும் காத்திருக்கிறார்.

வீட்டில் சோதனை செய்ய ஆசைப்படும் மாணவியருக்கு ஓர் எச்சரிக்கை. மூடிய ஷெட்டுக்குள் வண்டியை ஓடவிட்டுப் புகைக்குழாயருகே உட்காரவே கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஆளைச் சத்தமில்லாமல் மயக்கிக் கொன்றுவிடும். மெழுகுவத்தியும் இரண்டு கம்பிகளும் போதும்.

அடுத்த ஆண்டுப் பொருட்காட்சியில் அந்த இருவரும் காற்றாடிக் காரை வைக்கவில்லை. செம்பு இரும்பு ஜோடிகள் நாற்பதை மரச் சட்டத்தில் வரிசையாக முறுக்கி, ஒரு பக்க இணைப்புகள் சூடான மணலிலும் மறு பக்க இணைப்புகள் பனிக்கட்டியிலும் இருக்கும்படி வைத்திருந்தார்கள். பல்பு எரியவில்லை. கால்வனாமீட்டரின் முள் மட்டும் கோடி வரை போய் நின்றது. பழைய ஓட்டுநர் மறுபடி வந்தார். ஞாபகமாக அவர்கள் மேசையைத் தேடித்தான் வந்தார். பார்த்துவிட்டு, “இது மிச்சந்தான், ஒத்துக்கறேன். என் பஸ் முன்விளக்கு எரிய இந்த மாதிரி எத்தனை வேணும் பாப்பா?” என்றார்.

அவள் தாளை எடுத்துக் கணக்குப் போட்டாள். “உங்க பஸ்ஸுக்கு 24 வோல்ட், ஐயா. செம்பும் இரும்பும்னா, வோல்ட்டுக்கு மட்டுமே பதினாறாயிரம் ஜோடி முறுக்கணும். கடையில் விற்கிற பில்லைன்னா, வோல்ட்டுக்கு மூணு போதும். ஆனா இரண்டு விளக்குக்கும் வேண்டிய வாட் வர முப்பதாவது வேணும்.”

“பில்லையே வாங்கிடலாம்மா. பதினாறாயிரம் முறுக்கி முடிக்கிறதுக்குள்ளே நான் ரிடையர் ஆயிடுவேன்” என்றார் அவர்.